நெல்லை அடுக்ககப் பால்கனியில் தோட்டம்: வெயில் எந்தப் பக்கம், மண் எங்கிருந்து?

பழைய நெல்லை வீடுகளில் தார்சா, பட்டாசாலை, அடுக்களை எல்லாம் தாண்டிப் போனால் புறவாசல் வரும். அங்கே ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, குளிக்கிற தண்ணீர் பாய்கிற இடத்தில் நாலு வாழை நிற்கும். அரிசி களைந்த தண்ணீரும் காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டிக்குப் போகும், மாடு குடிக்கும். மாடு தொடாதது எருக்குழியில் விழும். சமையலில் மிஞ்சியது தெருவுக்குப் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. இன்று பாளையங்கோட்டை, பெருமாள்புரம், மகாராஜநகர், கேடிசி நகர் என்று எந்தப் பக்கம் போனாலும் அடுக்ககங்கள் எழும்பி நிற்கின்றன. அங்கே குடியிருப்பவர்களுக்கு மாடும் இல்லை, எருக்குழியும் இல்லை. நாலடி அகலத்தில் ஒரு பால்கனி இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பால்கனியில் நாலு கீரையாவது விளைவிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குக் கிடைக்கிற ஆலோசனை பெரும்பாலும் மாடித்தோட்டத்துக்காகச் சொல்லப்பட்டது. தமிழகத் தோட்டக்கலைத் துறை 2013-14-இல், முதலில் சென்னையிலும் கோவையிலும், மாடித்தோட்டத் தளைகளை (தோட்டம் போட வேண்டிய பொருள்கள் அடங்கிய தொகுப்பு) மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது. வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் அதில் இருந்தன. நல்ல முயற்சி, மொட்டை மாடி உள்ள எத்தனையோ வீடுகளுக்கு அது வழி திறந்துவிட்டது. ஆனால் அடுக்ககத்தில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. தண்ணீர்த் தொட்டி, சோலார் தகடு, டிஷ் ஆண்டெனா, கதவில் ஒரு பூட்டு. நமக்கென்று இருப்பது பால்கனி மட்டும்.

மாடித்தோட்டத்துக்குச் சொன்னதை அப்படியே பால்கனிக்குக் கொண்டுவந்தால் சரிப்படாது. மாடியில் வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. பால்கனிக்கு மேலே அடுத்த வீட்டின் தளம் மறைக்கும், வெளிச்சம் ஒரே பக்கத்தில் இருந்துதான் வரும். மாடிக்கு ஆள் வைத்து மூட்டை மூட்டையாக மண் ஏற்றலாம். பால்கனிக்கு அளந்துதான் கொண்டுவர முடியும். ஆகவே விதை வாங்கப் போகும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். வெயில் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் வருகிறது? மண் எங்கிருந்து வரப்போகிறது? செடி எது என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

வெயில் பக்கம் மாறுகிற ஊர்

தெற்குப் பார்த்த பால்கனிதான் தோட்டத்துக்கு உகந்தது என்று பலரும் சொல்வார்கள். டெல்லிக்கு அது சரி. அங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கேதான் நிற்கும். திருநெல்வேலி இருப்பது நிலநடுக்கோட்டில் இருந்து வெறும் 8.7 பாகை வடக்கே. இங்கே சூரியன் வருடத்துக்கு இரண்டு முறை நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. ஒன்று ஏப்ரல் 12-ஐ ஒட்டி, அதாவது சித்திரை பிறக்கிற சமயம். இன்னொன்று ஆகஸ்ட் கடைசியில், ஆவணி நடுவில். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாலரை மாதத்துக்கு நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மீதி ஏழரை மாதம் தெற்கே.

இதனால் நெல்லையில் தெற்குப் பால்கனிக்கும் வடக்குப் பால்கனிக்கும் பருவம் வேறு வேறு. தெற்குப் பால்கனியில் சித்திரை முதல் ஆவணி நடுவரை நேர் வெயில் அநேகமாக வராது. வெளிச்சம் இருக்கும், சூடும் இருக்கும், ஆனால் காய்க்கிற செடிக்கு அது போதாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் அதே பால்கனிக்குள் வெயில் நீண்டு விழும். வடக்குப் பால்கனி இதற்கு நேர் எதிர். புரட்டாசிக்குப் பிறகு நிழல், சித்திரை முதல் ஆடி வரை வெயில்.

அந்த வெயில் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். டிசம்பர் 21-ஆம் தேதி நடுப்பகலில் சூரியன் தெற்கு வானத்தில் 58 பாகை உயரத்தில் நிற்கும். மேல் தளம் பத்தடி உயரத்தில் இருந்தால், அதன் விளிம்புக்குக் கீழே நுழைகிற வெயில் ஆறடிக்குக் கொஞ்சம் மேலேயே உள்ளே வரும். நாலடிப் பால்கனியைக் கடந்து ஹால் வரை போய்விடும். ஜூன் 21-இல் சூரியன் வடக்கே 75 பாகை உயரம். அப்போது வடக்குப் பால்கனியில் நடுப்பகல் வெயில் இரண்டே முக்கால் அடிக்கு மேல் உள்ளே வராது. ஆகவே வடக்குப் பார்த்தவர்கள் செடிகளை விளிம்பை ஒட்டித்தான் வைக்க வேண்டும். தெற்குப் பார்த்தவர்களுக்கு மார்கழியில் சுவர் ஓரம்வரை இடம் இருக்கிறது.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது கைப்பிடிச் சுவர். கம்பி வைத்த பால்கனி என்றால் கவலை இல்லை. மூன்றடிக்குக் கட்டுச் சுவர் என்றால், சுவரை ஒட்டித் தரையில் வைத்த தொட்டி டிசம்பர் வெயிலிலும் இரண்டடி நிழலுக்குள் மாட்டிக்கொள்ளும். செடி வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீண்டு சாயும். பார்க்கிறவர்கள் உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போடுவார்கள். ஒரு முக்காலியோ, இரண்டு வரிசை ஹாலோ பிளாக் கல்லோ போட்டுத் தொட்டியை உயர்த்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கிழக்குப் பால்கனி இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வருடம் முழுக்கக் காலை வெயில், மதியம் நிழல். கீரை, புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் எல்லாம் அங்கே வரும். மேற்குப் பால்கனிதான் நெல்லையில் கடினமானது. மதியத்துக்கு மேல் சுடுகிற வெயில் ஒரு பக்கம், காற்று இன்னொரு பக்கம்.

ஆடிக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் பிதுங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே மாதங்களில் நெல்லைக்கு வருவது பெரும்பாலும் ஈரம் இழந்த வறண்ட காற்று. கயத்தாறு, ராதாபுரம் பக்கத்தில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் இதுதான். நாலாவது மாடியில் இந்தக் காற்று இலையைக் கிழிக்கும், பூவை உதிர்க்கும், காலையில் ஊற்றிய தண்ணீரை மத்தியானத்துக்குள் உறிஞ்சிவிடும். இதற்கு அடைத்த தகரமோ பிளாஸ்டிக் தாளோ கட்டக் கூடாது. காற்று அதன் மேலே ஏறி, உள்ளே சுழன்று அடிக்கும். சில சமயம் தாளே பிய்த்துக்கொண்டு போகும். பாதி நிழல் தருகிற பச்சை வலையை மேற்குப் பக்கம் இழுத்துக் கட்டினால் காற்று வடிகட்டி வரும், வேகம் குறையும். ஆனி பிறந்ததும் கைப்பிடிக்கு வெளியே தொங்குகிற தொட்டிகளை எல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். கீழே குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் ஒரு தொட்டி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்குச் சொன்னது. நெல்லைப் பால்கனிக்கு என் கணக்கு வேறு. ஆடியில் சுவர் ஓரமாகக் காற்றுப் படாத இடத்தில் நாற்று விடலாம். காற்று அடங்குகிற ஆவணிக் கடைசியில், புரட்டாசியில் பைக்கு மாற்றி நடலாம். தெற்குப் பால்கனிக்கு வெயில் திரும்புகிற நேரமும் அதுதான்.

தக்காளிக்கு இந்த நாள் கணக்கு ரொம்ப முக்கியம். இரவு வெப்பம் 24, 25 டிகிரிக்கு மேல் போனால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். நெல்லையில் சித்திரை, வைகாசி இரவுகள் அதற்கு மேலேதான் இருக்கும். அந்த மாதங்களில் தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்தால் அது வளர்த்தவர் குற்றமில்லை, உரக் குறையும் இல்லை. புரட்டாசியில் நட்டால் மார்கழி, தை மாதங்களில் இரவு குளிர்ந்திருக்கும்போது காய்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித்தோட்டத்துத் தக்காளி அழுகும். பால்கனியில் மேல் தளமே குடை பிடிக்கிறது. மாடியை விடப் பால்கனி நன்றாக இருக்கிற ஒரே இடம் இது என்றுகூடச் சொல்லலாம்.

வடக்குப் பார்த்தவர்கள் சித்திரையில் வெண்டையும் சீனியவரையும் (கொத்தவரை) போடலாம். இரண்டும் சூட்டைத் தாங்கும். மேற்கே பிரண்டை, கற்பூரவல்லி, கறிவேப்பிலை. வெயிலே எட்டாத மூலையில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஓரளவு ஒப்பேற்றும். சுரை, பீர்க்கு, பாகல் வகைகளை நான் பால்கனிக்குச் சொல்ல மாட்டேன். அவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வர வேண்டும். பால்கனிக்கு அது தவறாமல் வரும் என்று சொல்ல முடியாது, வராவிட்டால் தினமும் நாமே மகரந்தம் எடுத்துத் தடவிக்கொண்டு நிற்க வேண்டும். தக்காளி, மிளகாய், கத்திரி, சீனியவரைக்கு அந்தக் கவலை இல்லை. தன் பூவிலேயே தான் சூல் கொள்ளும். தக்காளிப் பூங்கொத்தைக் காலையில் விரலால் லேசாகச் சுண்டி விட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

எருக்குழி பால்கனிக்கு வந்தால்

மண் விஷயத்துக்கு வருவோம். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு முக்கால் கிலோ அளவுக்குக் காய்கறித் தோல், பழத்தோல், கீரைத் தண்டு, தேயிலைச் சக்கை சேரும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு இருபது கிலோவைத் தாண்டும். அதில் ஐந்தில் நாலு பங்கு வெறும் தண்ணீர். மக்கி முடிந்தால் நாலைந்து கிலோ உரம் மிஞ்சும், அளவில் ஏழெட்டு லிட்டர். 12 அங்குல வளர்ப்புப் பை ஒன்று 22 லிட்டர் கொள்ளும். அதில் மூன்றில் ஒரு பங்கு உரம் என்றால் ஏழு லிட்டர் வேண்டும். ஆக, ஒரு மாதக் குப்பை ஒரு பைக்கு வேண்டிய உரத்தைத் தரப் போதும். வருடத்துக்குப் பன்னிரண்டு பை. நாலுக்குப் பத்தடிப் பால்கனியில் துணி காயப்போடவும் நடக்கவும் இடம் விட்டால் வைக்க முடிவதும் ஏறக்குறைய அத்தனை பைதான். ஒரு வீட்டின் அடுக்களையும் அதன் பால்கனியும் இப்படி ஒன்றுக்கொன்று சரியாக அளவு ஒத்துப்போவதைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பை நிரப்ப உரம் வெளியே வாங்க வேண்டாம், குப்பை வெளியே போகவும் வேண்டாம்.

வெளியே போனால் என்ன ஆகிறது என்பதை நெல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாநகராட்சியின் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு கோடையில் தீப்பிடித்துப் புகைவது அடிக்கடி செய்தியாகிறது. காய்கறித் தோல் குவியலின் அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிற வாயு அது, எரியவும் செய்யும். அதே தோல் காற்றோட்டமாக மக்கினால் மீத்தேன் அநேகமாக உண்டாகாது. இதற்காகவே மாநகராட்சி வார்டுகளில் நுண் உரம் செயலாக்க மையங்கள் வைத்திருக்கிறது. ஆனால் பிளாஸ்டிக்கோடு கலந்து வந்த ஈரக் குப்பையை அங்கே யாரோ ஒருவர் கையால்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

மக்குவது என்பது நுண்ணுயிர்கள் தின்று வாழ்கிற வேலை. அவற்றுக்குக் கரிச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) வேண்டும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து இருந்தால் வேலை நன்றாக ஓடும். காய்கறிக் கழிவில் மட்டும் இந்த அளவு 15, 20 என்று குறைவாக இருக்கும். சருகில் 50-க்கு மேல், அட்டைப்பெட்டியிலும் மரத்தூளிலும் பல நூறு. அதனால்தான் பச்சைக் கழிவோடு காய்ந்ததைக் கலக்க வேண்டும். எடைக்கு எடை பார்க்க வேண்டாம், ஒரு கை தோலுக்கு ஒரு கை சருகு என்று போட்டு வந்தால் போதும். நம் ஊரில் மாசி, பங்குனியில் வேம்பும் புங்கமும் இலை கொட்டும். வளாகத்தில் பெருக்கித் தள்ளுகிற அந்தச் சருகை இரண்டு சாக்கில் அமுக்கி வைத்துக்கொண்டால் ஒரு வருடத்துக்கு வரும். பலர் பால்கனி உரத்தில் தோற்பது சருகு தீர்ந்துபோகிற மாதத்தில்தான்.

பாத்திரம் எது என்று கேட்டால், என் முதல் தேர்வு மண்பானை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் காருகுறிச்சியில் இன்றும் மண்பாண்டம் செய்கிறார்கள். சுடாத மண்ணில் துளை போடுவது எளிது, ஆகவே சுடுவதற்கு முன்பே பக்கவாட்டில் விரல் நுழைகிற அளவு துளைகள் விட்டுத் தரச் சொல்லி வாங்கினால் நல்லது. பானையின் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருப்பதால் உள்ளே சொதசொதக்காது, கோடையில் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருக்கும். கிடைக்காவிட்டால் 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் சுற்றிலும் அடியிலும் துளை போட்டுக்கொள்ளலாம். மூன்று பாத்திரம் வேண்டும். ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும், மற்ற இரண்டும் மக்கிக்கொண்டிருக்கும். அடியில் தேங்காய் நார் ஒரு படுகை, அதன்மேல் ஒரு பிடி பழைய உரம் அல்லது சாணம், இல்லையென்றால் புளித்த மோர். அப்புறம் அன்றாடக் கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, மேலே சருகு தூவி மூட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு குச்சியால் கிளறிவிட வேண்டும்.

நெல்லைச் சமையலில் தனியாகக் கவனிக்க வேண்டியது தேங்காய்ச் சக்கை. சொதிக்குப் பால் பிழிந்த சக்கையில் எண்ணெய்ப் பசை மிச்சம் இருக்கும். கட்டியாகக் கொட்டினால் அது மட்டும் தனியே ஊசிப்போகும். உதிர்த்து, சருகோடு பிசறிப் போட வேண்டும். வாழை இலையைக் கிழித்துப் போடலாம். தேயிலைச் சக்கையில் இருக்கும் பாலையும் சீனியையும் அலசிவிட்டுப் போடலாம். மிஞ்சிய குழம்பு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம், அவற்றில் உப்பு இருக்கிறது. மீன் செதிளும் கறி எலும்பும் பால்கனிப் பானைக்கு ஆகாது, எலி வந்துவிடும். மீன் கழிவை வீணாக்க மனமில்லை என்றால், அதே எடைக்குக் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து மூடிய ஜாடியில் மூன்று நாலு வாரம் வைத்து மீன் அமிலமாக எடுத்துக்கொள்ளலாம். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி போதும்.

"மைனி, வாடை வராதா?" என்பதுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் கேட்கிற கேள்வி. நியாயமான கேள்வி. நன்றாக நடக்கிற பானையில் வாடை வராது. வந்தால் அது ஒரு சேதி சொல்கிறது. மூக்கைக் குத்துகிற அம்மோனியா நெடி என்றால் பச்சை அதிகம், சருகு போதவில்லை. அழுகின முட்டை வாடை என்றால் உள்ளே காற்று இல்லை, தண்ணீர் தேங்கியிருக்கிறது. கிளறிவிட்டு, காய்ந்ததைக் கொட்ட வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், அதுதான் சரியான ஈரம். கார்த்திகையில் ஒழுகும், சருகு கூட்ட வேண்டும். பங்குனியிலும் ஆடியிலும் காய்ந்து எறும்பு ஏறும், தண்ணீர் தெளிக்க வேண்டும்.

புழுவைக் கண்டு பானையையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு. பழுப்பு நிறத்தில் தடித்து நெளிகிற அந்தப் புழு ஒல்லியான கருப்பு ஈ ஒன்றின் குஞ்சு. வளர்ந்த ஈ சாப்பாட்டில் வந்து உட்காராது. புழுவோ கழிவை நம்மை விட வேகமாகத் தின்று தீர்க்கிறது. பிடிக்கவில்லை என்றால் மேலே இரண்டு அங்குலத்துக்குச் சருகு போட்டால் ஈ முட்டையிட வருவது குறையும். மண்புழு உரத்தை மட்டும் நெல்லைப் பால்கனியில் தொடக்கத்திலேயே முயற்சி செய்ய வேண்டாம் என்பேன். உரத்துக்கு வளர்க்கிற புழு வகைகள் 30 டிகிரிக்கு மேல் சோர்ந்துபோகும், 35-ஐத் தாண்டினால் செத்துப்போகும். பாளையங்கோட்டையில் அக்னி நட்சத்திரத்தின்போது வெயில் 40 டிகிரி வரை போகும். நிழலான ஈர மூலை இல்லாமல் அவற்றைக் காப்பாற்றுவது கஷ்டம்.

பால்கனி உரத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. மூன்றடிக்கு மூன்றடி குவித்த பெரிய எருக்குவியல் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும். அந்தச் சூட்டில் களை விதையும் நோய்க்கிருமியும் செத்துவிடும். பானைக்கு அவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கிற பருமன் கிடையாது. அதனால் மெதுவாகத்தான் மக்கும், நிரம்பின பிறகு இரண்டு மூன்று மாதம் ஆகும். போட்ட தக்காளி விதையும் பப்பாளி விதையும் பின்னால் பையில் முளைத்து வரும், அதில் கெடுதல் இல்லை. நோய் வந்த செடியின் இலையையும் வேரையும் மட்டும் அதில் போடக் கூடாது.

மக்கி முடிந்த உரத்தில் தோல் எது, தண்டு எது என்று தெரியாது, கறுப்பாக உதிரும், மழை பெய்த மண்ணின் வாசம் வரும். அந்த வாசத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகிற அதே நுண்ணுயிர்கள்தான் பானையிலும் கடைசிக் கட்ட வேலையைச் செய்கின்றன. சந்தேகம் இருந்தால் ஒரு கிண்ணத்தில் உரத்தைப் போட்டு வெந்தயம் தூவிப் பார்க்கலாம். நாலைந்து நாளில் நன்றாக முளைத்தால் உரம் தயார். முளைக்காமலோ மஞ்சளித்தோ போனால் இன்னும் மக்க வேண்டும். பாதி மக்கிய உரம் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும்.

பையை நிரப்புவது

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, வீட்டு உரம் ஒரு பங்கு, மேலே ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கரிசல் மண் வேண்டாம். மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் வயலில் பொன் விளையும். ஆனால் பைக்குள் அது நனைந்தால் உப்பிப் பிசினாகும், காய்ந்தால் வெடிக்கும், வேருக்குக் காற்றுப் போகாது. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும், அதில் உப்பு இருக்கும். அதில் சத்து என்று பெரிதாக எதுவும் இல்லை, ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை.

எடையையும் பார்க்க வேண்டும். வெறும் மண் நனைந்தால் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிற்கும். 22 லிட்டர் பை ஒன்று 35 கிலோ ஆகிவிடும். மேலே சொன்ன கலவை அதைவிட வெகுவாகக் குறையும். எப்படியானாலும் பைகளைப் பால்கனியின் வெளி விளிம்பில் ஒரே இடத்தில் குவிக்காமல் பரப்பி வைப்பதே நல்லது, பழைய கட்டடம் என்றால் கட்டாயம்.

வீட்டு உரம் கீரைக்குப் போதும். தக்காளி, மிளகாய்க்குப் போதாது. உரத்தில் இருக்கிற தழைச்சத்தில் சிறு பகுதிதான் முதல் பருவத்திலேயே செடிக்குக் கிடைக்கும். மீதி மெல்ல மெல்லத்தான் வெளிவரும். பூ எடுக்கிற சமயம் கடலைப் பிண்ணாக்கை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்ற வேண்டும். அதில் தழைச்சத்து ஏழு சதவீதம் அளவுக்கு இருக்கிறது. வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், முட்டை ஓடு என்று இணையத்தில் சுற்றுகிற வைத்தியங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. முட்டை ஓடு கரைய வருடக் கணக்கில் ஆகும். தக்காளியின் அடி கறுத்து அழுகுவது பெரும்பாலும் ஒருநாள் காய்ந்தும் ஒருநாள் நனைந்தும் கிடப்பதால், சுண்ணாம்புச் சத்தை வேர் மேலே ஏற்ற முடியாமல் வருகிற கோளாறு. தண்ணீரை ஒழுங்காக ஊற்றினாலே சரியாகும்.

தண்ணீரில் தாமிரபரணித் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் வித்தியாசம் பெரிது. புறநகர் அடுக்ககங்கள் பலவற்றில் போர் தண்ணீர் கடினமானது. பையின் மேல் வெள்ளைப் பூப்பூக்கும், இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்றதெல்லாம் மஞ்சளாகும். மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ நிறைய ஊற்றி உப்பை அடி வழியாக வெளியேற்ற வேண்டும். அடியில் தட்டு வைக்காவிட்டால் கீழ் வீட்டுத் துணியில் சொட்டும். வைத்த தட்டில் தண்ணீர் நின்றால் டெங்கு கொசு முட்டையிடும். 2012-இல் டெங்கு நெல்லை மாவட்டத்தை எப்படி வாட்டியது என்பதைப் பார்த்தவர்கள் இதில் அலட்சியமாக இருக்க மாட்டார்கள். ஊற்றி அரை மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிட வேண்டும்.

இதனால் காய்கறிச் செலவு குறையுமா என்று கேட்டால், குறையாது. பாவூர்சத்திரம் சந்தையும் மகாராஜநகர் உழவர் சந்தையும் பக்கத்தில் இருக்கிற ஊரில் பன்னிரண்டு பையை வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. தினசரி கிள்ளுகிற இலைகளில்தான் பால்கனியின் உண்மையான பலன் இருக்கிறது: கறிவேப்பிலை, புதினா, மல்லி, இருபத்தைந்து நாளில் வரும் வெந்தயக்கீரை, ஒரு மாதத்தில் வரும் முளைக்கீரை. இவை பறித்த கணத்தில் இருந்து வாடத் தொடங்குகிறவை. அடுக்களைக்கு ஐந்தடி தூரத்தில் இருக்கும் செடிக்கு எந்தச் சந்தையும் ஈடாகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆசைக்கு இடம் கொடுப்பேன். அது சிறுகிழங்கு. பொங்கலுக்குச் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் இல்லாத நெல்லை வீடு ஏது? போன பொங்கலுக்கு வாங்கியதில் நாலு கிழங்கை ஒதுக்கி வைத்து, வைகாசியில் ஒரு தொட்டியில் புதைத்தால் கொடி விடும். அந்தக் கொடியைத் துண்டு துண்டாக வெட்டி ஆடி, ஆவணியில் அகலமான பைகளில் நட வேண்டும். நாட்டு வகைகளில் பகல் பொழுது சுருங்குகிற மாதங்களில்தான் கிழங்கு திரளும். தெற்குப் பால்கனிக்கு வெயில் வருவதும் அதே மாதங்களில். மார்கழிக் கடைசியில் இலை மஞ்சளித்துச் சாயும்போது பையைக் கவிழ்த்தால் ஒரு கூட்டுக்குத் தேறும். பக்கத்துப் பையில் ஆனியில் ஊன்றிய மஞ்சள், பொங்கல் பானைக்குக் கட்ட மஞ்சள் குலையாக நிற்கும். மஞ்சள் பாதி நிழலிலும் வளரும் என்பது பால்கனிக்குக் கூடுதல் வசதி.

அடுக்ககம் முழுக்கச் செய்தால்

எல்லோருக்கும் பால்கனியில் பானை வைக்க முடியாது. வயதானவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகள் இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்றன. நாளொன்றுக்கு சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை சேர்கிற வளாகங்கள் ஈரக் கழிவை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே உரமாக்க வேண்டும் என்றும் சொன்னன. நெல்லையின் நாற்பது வீட்டு அடுக்ககத்தில் ஈரக் கழிவு முப்பது கிலோவைச் சுற்றித்தான் வரும். மற்ற குப்பையைச் சேர்த்தாலும் நூறு கிலோவை எட்டாது. அதனால் சங்கங்கள் பலவற்றுக்கு இது தங்கள் வேலை என்ற எண்ணமே வருவதில்லை.

ஆனால் முப்பது கிலோ என்பது பானையால் முடியாததைச் செய்கிற அளவு. மோட்டார் அறைப் பக்கம் கூரை போட்டு, காற்றுப் போக இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கி, மூன்றடிக்கு மூன்றடி தொட்டிகள் நாலைந்து கட்டினால் குவியல் நன்றாகச் சூடேறும், களை விதையும் கிருமியும் சாகும், பானையை விட வேகமாக மக்கும். பால்கனிக்காரர்கள் போடத் தயங்குகிற நோய் வந்த செடியையும் அங்கே நடுவில் புதைக்கலாம். வருகிற உரம் பால்கனிப் பைகளுக்குப் போக மீதி வளாகத்து வேம்புக்கும் புங்கத்துக்கும் போகும், அவற்றின் சருகு திரும்பத் தொட்டிக்கு வரும். இதில் பேசித் தீர்க்க வேண்டிய முதல் விஷயம், அதைக் கிளறிவிடப் போவது யார் என்பது. பெரும்பாலும் வளாகத்தைப் பெருக்கும் அம்மாவின் தலையிலேயே அது சத்தமில்லாமல் விழுந்துவிடும். தினமும் அரை மணி நேர வேலை அது. கையுறையும் மண்வெட்டியும் கொடுத்து, பராமரிப்புத் தொகையிலேயே அதற்கென்று தனிச் சம்பளம் ஒதுக்கிவிட்டுத்தான் முதல் கூடைக் குப்பையைத் தொட்டியில் கொட்ட வேண்டும்.